விளம்பரத்துக்கு வா, விளையாட வராதே!

'ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று ஒரு பழமொழி உண்டு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகர நிர்வாகம் ஸ்கேட்போர்டு பசங்களிடம் நடந்துகொண்ட விதத்துக்கு இதைவிடப் பொருத்தமான பழமொழி கிடைக்காது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக... அந்த நகரத்தின் நடுவே, சிட்டி ஹாலுக்குப் பக்கத்தில் 1965-இல் கட்டப்பட்ட ஒரு சதுக்கம். அதிகாரபூர்வப் பெயர் ஜான் எஃப். கென்னடி பிளாசா. ராபர்ட் இண்டியானாவின் 'லவ்' சிற்பம் அங்கே நிற்பதால் ஊர் முழுக்க அதற்கு லவ் பார்க் என்றுதான் பெயர். வழவழப்பான கிரானைட் தரை, உட்காரத் திண்ணைகள், படிகள், நடுவில் ஒரு நீரூற்று. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் ஆட்கள் வந்து காற்று வாங்குவார்கள் என்று கட்டினால், வந்து சேர்ந்தது சக்கரப் பலகைப் பட்டாளம்!

ஏன் வந்தது? 1978-இல் ஆலன் கெல்ஃபாண்ட் என்ற ஃபுளோரிடா பையன், பலகையைக் கையால் பிடிக்காமலே அதோடு சேர்ந்து எகிறும் வித்தையைக் கண்டுபிடித்தான். அதன் பெயர் 'ஆலி'. அவன் செய்தது நீச்சல் குளம் மாதிரியான சரிவில். 1982-இல் ராட்னி முல்லன் அதையே சமதரையில் செய்து காட்டினார். அவ்வளவுதான்! அதற்குப் பிறகு நடைபாதை விளிம்பு, பெஞ்சு, படிக்கட்டுக் கைப்பிடி எல்லாமே விளையாட்டு மைதானம் ஆகிவிட்டன. இப்படித் தானாக அமைந்துவிடும் இடத்தைத்தான் 'ஸ்பாட்' என்கிறார்கள். அதைத் திட்டம் போட்டு யாரும் கட்டுவதில்லை. சுற்றி அலைந்து கண்டுபிடிக்கத்தான் வேண்டும்.

1990களில் லவ் பார்க் உலகப் புகழ் பெற்றது. நகராட்சி ஒரு பைசா விளம்பரச் செலவு செய்யவில்லை. ஸ்டீவி வில்லியம்ஸ், ஜோஷ் கேலிஸ் போன்றவர்கள் அங்கே ஆடியதை வீடியோவில் பார்த்த பிள்ளைகளுக்கு ஃபிலடெல்ஃபியா என்றால் அந்தக் கிரானைட் தரைதான். 2000-இல் வந்த 'டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் 2' வீடியோ கேமில் அந்தச் சதுக்கமே ஒரு களம். 2001, 2002 இரண்டு ஆண்டும் எக்ஸ் கேம்ஸ் போட்டி அந்த நகரத்தில்தான் நடந்தது. டிவியில் ஊரின் பெயர் மின்னியது.

அதே காலத்தில் அதே நகரத்தில், லவ் பார்க்கில் ஸ்கேட்டிங் சட்டப்படி குற்றம்! போலீஸ் துரத்தும், அபராதம் போடும், பலகையைப் பிடுங்கும். 2002-இல் மேயர் ஜான் ஸ்ட்ரீட் காலத்தில் சதுக்கத்தையே உடைத்து, கிரானைட் திண்ணைகளை எடுத்துவிட்டு மர பெஞ்சு, புல்தரை என்று மாற்றினார்கள். ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்த பிறகு நீ யாரோ நான் யாரோ. என்ன கொடுமை சார் இது!

இதை எதிர்த்து வந்தவர் யார் தெரியுமா? எட்மண்ட் பேக்கன். ஃபிலடெல்ஃபியாவின் முன்னாள் நகரத் திட்ட அதிகாரி, அந்தச் சதுக்கத்தின் யோசனையே அவருடையது. (நடிகர் கெவின் பேக்கனின் அப்பா என்றால் சிலருக்குச் சட்டென்று புரியும்.) 2002 அக்டோபரில், தன் 92-வது வயதில், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, ஆட்கள் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள, தடையை மீறி அங்கே ஸ்கேட்போர்டில் ஏறி நின்று உருண்டார். பெற்றவரே 'பிள்ளை சரியாகத்தான் வளர்ந்திருக்கிறது' என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு என்ன வந்தது?

சரி, எதிர்த்தரப்பு நியாயத்தையும் பார்ப்போம். பலகையின் இரும்பு அச்சு உரசினால் கல்லின் விளிம்பு சிதைகிறது. உண்மை. நடந்து போகிறவர்கள் மேல் மோதும் ஆபத்து இருக்கிறது. அதுவும் உண்மை. ஆனால் இவை தீர்க்கக்கூடிய பிரச்சினைகள். பணம்தான் பிரச்சினை என்றால், 2004-இல் டிசி ஷூஸ் நிறுவனம் ஆண்டுக்கு 1 லட்சம் டாலர் வீதம் பத்து ஆண்டுகளுக்குப் பராமரிப்புச் செலவு தருகிறோம் என்று முன்வந்தது. மொத்தம் 10 லட்சம் டாலர்! நகரம் வேண்டாம் என்றது. ஆக, வலி கல்லின் விளிம்பில் இல்லை. பைசா செலவழிக்காமல் பொது இடத்தில் பொழுதைக் கழிக்கும் பசங்களைப் பார்த்தால் வரும் எரிச்சல் அது. பெஞ்சில் ஸ்கேட்டர் ஏறாமல் இருக்க இரும்புக் குமிழ் பதிப்பதும், வீடில்லாதவர் படுக்காமல் இருக்க நடுவில் கம்பி வைப்பதும் ஒரே மூளையில் உதித்த யோசனைகள்தான்.

ஸ்கேட்டிங்கும் பங்க் இசையும் ஏன் ஒட்டிக்கொண்டன என்பதற்கும் விடை இங்கேதான் இருக்கிறது. வேகமும் சத்தமும் மட்டும் காரணம் என்றால் அது பாதிக் கதை. 1980 வாக்கில் இன்சூரன்ஸ் செலவு தாங்காமல் அமெரிக்காவில் ஸ்கேட் பார்க்குகள் வரிசையாக மூடப்பட்டன. பங்க் குழுக்களுக்கோ மேடை கொடுக்க ஆளில்லை. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே வியாதி: இடம் இல்லை. ஒரே மருந்து: நீயே செய்துகொள். இவர்கள் கொல்லைப்புறத்தில் பலகை அடித்துச் சரிவு கட்டினார்கள், அவர்கள் நிலவறைகளில் கச்சேரி நடத்தினார்கள். ஸ்கேட்டர் ஸ்டீவ் கபலெரோ 'தி ஃபாக்‌ஷன்' குழுவில் வாசித்தார். 1981-இல் தொடங்கிய 'த்ராஷர்' பத்திரிகை, 1983 முதல் 'ஸ்கேட் ராக்' கேசட்டுகளை வெளியிட்டது. 1990-இல் போர்ட்லாந்தில் பர்ன்சைடு பாலத்தின் அடியில் அனுமதியே இல்லாமல் பசங்களே கான்கிரீட் கொட்டிப் பார்க் கட்டினார்கள். நகரம் பிறகுதான் தலையாட்டியது.

ஆக, பங்க் என்பது கிழிந்த ஜீன்ஸும் சட்டை மேல் மண்டையோடும் என்று நினைத்து ஷூ விற்பவர்கள் ஒன்றை மறைக்கிறார்கள். அந்தப் படத்தைப் போட்டுக்கொள்ள உரிமை உண்டு, அந்த வாழ்க்கையை வாழத் தெருவில் இடம் கிடையாது. 2021-இல் டோக்கியோவில் ஸ்கேட்டிங் ஒலிம்பிக் விளையாட்டாகவே ஆகிவிட்டது. பதக்கம் வாங்கினால் பெருமை. அதே பிள்ளை மறுநாள் சிட்டி ஹால் வாசலில் பழகினால் அபராதம்!

'அதுதான் தனியாக ஸ்கேட் பார்க் கட்டித் தருகிறோமே' என்பார்கள். நல்லது, கட்டுங்கள். ஃபிலடெல்ஃபியாவிலேயே 2013-இல் பெயின்ஸ் பார்க் வந்தது, வரவேற்கலாம். ஆனால் நீச்சல் குளம் கட்டிவிட்டோம் என்பதற்காக ஆற்றில் இறங்காதே என்று சொல்ல முடியுமா? ஸ்பாட் என்பது ஊரின் நடுவில், எல்லோரும் நடமாடும் இடத்தில் இருப்பது. ஸ்கேட்டரும் அந்த ஊர்க்காரன்தான்.

இதைப் புரிந்துகொண்ட ஊர்களும் இருக்கின்றன. லண்டனில் சவுத்பேங்க் மையம், 1970களிலிருந்து பசங்கள் ஆடிவரும் அடித்தளத்தைக் கடைகளாக்க 2013-இல் திட்டம் போட்டது. வேறு இடம் தருகிறோம் என்றும் சொன்னது. பசங்கள் நகரவில்லை. மேசை போட்டு உட்கார்ந்து கையெழுத்து வாங்கினார்கள், வழக்குக்கும் தயாரானார்கள். 2014-இல் மையம் இறங்கி வந்தது. மூடிக்கிடந்த ஒரு பகுதி 2019-இல் புதுப்பிக்கப்பட்டுத் திறந்தும்விட்டது.

ஃபிலடெல்ஃபியா? 2016-இல் பழைய லவ் பார்க்கை முழுதாக இடிக்கும் முன் மேயர் ஜிம் கென்னி சில நாட்களுக்குத் தடையை நீக்கினார். பனிக்குளிரில் வந்து ஆடி விடைபெற்றார்கள். சாகப் போகிறவனுக்குக் கடைசி விருந்து மாதிரி! அங்கிருந்து பெயர்த்த கிரானைட் கற்களில் ஒரு பகுதி கடல் தாண்டி ஸ்வீடனின் மால்மோ நகரத்துக்குப் போனது. அந்த ஊர் அவற்றைப் பொதுச் சதுக்கத்தில் பதித்து, 2024-இல் ஸ்கேட்டர்களுக்குத் திறந்துவிட்டது.

கல் அதேதான். உரசலும் அதேதான். ஒரு ஊருக்கு அது சேதம், இன்னொரு ஊருக்கு அது சொத்து. கோளாறு கல்லிலா, ஊரிலா? யோசித்துப் பாருங்கள் மக்களே.