அடுப்பங்கரை எங்கே?

போன மாதம் கடற்கரையில் நடக்கும்போது என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். "ஓய்வு பெற்றவர்கள் காசி, ராமேசுவரம் என்று போனால் புண்ணியமாவது கிடைக்கும். நீர் என்னடாவென்றால் ஊர் ஊராகப் போய்ச் செத்துப்போனவர்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறீர். பழைய சுவரில் அப்படி என்னய்யா இருக்கிறது?"

அவருக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். அவர் கேட்டதிலும் பாதி நியாயம் இருக்கிறது. நம் பக்கத்தில் நான் பார்த்த பல நினைவில்லங்களில் பார்க்க ஒன்றுமில்லைதான். ஆனால் தப்பு பழைய சுவரில் இல்லை. அதை வைத்திருக்கும் நம்மிடம் இருக்கிறது. அதைத்தான் இன்று எழுதப் போகிறேன். கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருஷங்களுக்கு முன் நானும் என் மனைவியும் ஓர் எழுத்தாளரின் நினைவில்லத்துக்குப் போனோம். எந்த ஊர், யார் வீடு என்று சொல்லப் போவதில்லை. பதினொரு மணி வெயிலில் போய்ச் சேர்ந்தால் வாசலில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு காவலர். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டோம். "போட்டோ எடுக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது" என்றார். தொடுவதற்கு உள்ளே என்ன இருந்தது? தரை முழுக்கப் புத்தம் புதிய வழுவழுப்பான ஓடு. சுவருக்குச் சுவர் குழல்விளக்கு. வரிசையாகச் சட்டம் போட்ட புகைப்படங்கள்: அவர் பொன்னாடை வாங்குகிறார், மாலை வாங்குகிறார், மேடையில் நிற்கிறார், அமைச்சரோடு நிற்கிறார். நடுக்கூடத்தில் மார்பளவு சிலை, அதற்குக் காய்ந்த மாலை. ஒரு கண்ணாடிப் பெட்டியில் ஒரு பேனா, ஒரு மூக்குக் கண்ணாடி, ஒரு துண்டு. அவை அவர் வைத்திருந்தவையா, கடையில் வாங்கி வைத்தவையா என்று ஒரு வரி கிடையாது.

பத்து நிமிஷத்தில் சுற்றி முடித்துவிட்டோம். என் மனைவி மட்டும் எதையோ தேடிக்கொண்டே இருந்தாள். கடைசியில் காவலரிடம் கேட்டாள்: "ஏம்ப்பா, அடுப்பங்கரை எந்தப் பக்கம்?"

அவர் சிரித்துவிட்டார். "அதெல்லாம் இல்லைங்கம்மா. ஐயா எழுதுவாரு, சமைக்க மாட்டாரு."

"எழுதினவரு சாப்பிட மாட்டாராப்பா?" என்றாள் இவள்.

காவலருக்குப் பதில் தெரியவில்லை. நல்ல மனிதர், பின்கட்டில் பூட்டியிருந்த ஓர் அறையைக் காட்டினார். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். உடைந்த நாற்காலிகள், துடைப்பம், விழா மேடைக்கு வைத்திருந்த பழைய பதாகைகள். அவற்றுக்குப் பின்னால் புகை ஏறிய சுவரும் ஒரு மேடை அடுப்பும் தெரிந்தன. அந்த வீட்டிலேயே மிச்சமிருந்த ஒரே உண்மையான இடம் அதுதான். அதைத்தான் பூட்டி வைத்திருந்தார்கள்.

எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஒருவர் வாங்கிய பொன்னாடையைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. பழைய பத்திரிகையிலேயே பார்த்துக்கொள்ளலாம். எவ்வளவு சின்ன அறையில் உட்கார்ந்து எழுதினார், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, பிள்ளைகள் எங்கே தூங்கின, மழை பெய்தால் எங்கே ஒழுகியது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் எந்தப் புத்தகமும் காட்டாது. அதைக் காட்டக் கூடியது வீடு ஒன்றுதான். நாம் அதைத் துடைத்துவிட்டுப் படம் மாட்டுகிறோம்.

இதற்கு மாறாக நான் பார்த்த ஒரு வீட்டைச் சொல்கிறேன். பழைய புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும், எங்கள் தலைமுறையில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்குப் பல்சாக்கை விட்டால் தப்பிக்க வழியில்லை. வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதிய ஒப்புவிப்புப் பாடத்தில் எழுத்துப் பிழைக்கு வாங்கிய அடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. மகள் பாரிஸ் பக்கம் இருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது, என்னை இவ்வளவு பாடுபடுத்தியவர் வீட்டை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பாசி பகுதிக்குப் போனேன்.

ரெய்னுவார் தெருவிலிருந்து படி இறங்கித்தான் வீட்டுக்குப் போக வேண்டும். சின்னத் தோட்டம், அதில் நின்றால் ஈஃபில் கோபுரம் தெரிகிறது. பல்சாக் 1840 முதல் 1847 வரை இங்கே வாடகைக்கு இருந்தார். சொந்தப் பெயரில்கூட இல்லை. வீட்டைக் கவனித்துக்கொண்ட பெண்மணியின் பெயரை ஒட்டி ஒரு பெயரை வைத்துக்கொண்டு இருந்தார். காரணம், கடன். கடன்காரர்கள் மேல்தெரு வழியாக வந்தால், இவர் பின்பக்கம் இறங்கி பெர்த்தோன் தெரு வழியாக நழுவிவிடலாம். அதற்குத் தோதான வீடு.

உள்ளே ராஜபோகமான சாமான் எதுவும் இல்லை. ஒரு சின்ன மேசை, ஒரு நாற்காலி. அந்த மேசையில்தான் இரவெல்லாம் உட்கார்ந்து அச்சுப் படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். பெயரின் முதலெழுத்துகள் பொறித்த ஒரு பீங்கான் காப்பிப் பாத்திரம். அவ்வளவுதான். ஆனால் அந்த மேசையைப் பார்த்தவுடன் எனக்கு வாத்தியார் அடித்தது மறந்து போயிற்று. இவ்வளவு சின்ன மேசையில், கடன்காரன் வருகிறானா என்று காது கொடுத்துக்கொண்டே, ஒரு மனிதன் இவ்வளவும் எழுதியிருக்கிறான் என்று தோன்றியது. நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமும் கிடையாது.

கவனியுங்கள். அவர்கள் தங்கள் பெரிய எழுத்தாளரின் கடனை மறைக்கவில்லை. கடனைச் சொல்லித்தான் வீட்டையே காட்டுகிறார்கள். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? "மாமேதை பல்சாக் அவர்கள் வாழ்ந்த புனித இல்லம்" என்று பளிங்குக் கல் வைத்து, பின்வாசலை அடைத்திருப்போம்.

நம் சிக்கலே இதுதான் என்று நினைக்கிறேன். நம் பெரியவர்களின் வறுமை நமக்கு வெட்கமாக இருக்கிறது. மேடையில் மட்டும் அதைச் சொல்லிக் கண்ணீர் விடுவோம். வீட்டில் காட்ட மாட்டோம். பாரதியார் நம் ஊரில் 1908 முதல் 1918 வரை பத்து வருஷம் இருந்தார். வாடகை வீட்டில்தான் இருந்தார். வெள்ளைக்காரப் போலீசின் ஒற்றர்கள் தெருவில் காவல் இருந்தார்கள். அவர் நடத்திய 'இந்தியா' பத்திரிகையை எல்லைக்கு அப்பால் போக விடாமல் தடுத்தார்கள். 1910-இல் அது நின்றே போயிற்று. பத்திரிகை நின்ற பிறகு செல்லம்மா அம்மாள் எப்படி உலை வைத்தார்? ஒற்றன் எந்த மூலையில் நின்றால் எந்த சன்னல் தெரியும்? குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் இந்த நிலைமையில் எழுதப்பட்டவை என்று ஒரு பத்தாம் வகுப்புப் பையனுக்கு ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவில் நிற்க வைத்துச் சொன்னால், அவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். எந்த ஊரில் எந்த மனிதரின் வீடாக இருந்தாலும் சொல்ல வேண்டியது இதுதான். பட்டங்களின் பட்டியல் இல்லை.

"பாரிஸ்காரனிடம் பணம் இருக்கிறது, செய்கிறான்" என்று என் நண்பர் சொல்வார். சரி, கும்பகோணத்துக்கு வாருங்கள். சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு இருக்கிறது. சாஸ்த்ரா பல்கலைக்கழகம் அதை வாங்கிப் பாதுகாத்து வருகிறது. ஓட்டு வீடு, திண்ணை, தெருவைப் பார்த்த சன்னல் உள்ள ஒரு சின்ன அறை, அதில் ஒரு கட்டில். பின்னால் அடுப்பங்கரை, அதற்கும் பின்னால் கிணறு. இவ்வளவுதான் வீடு. இதில் கோடி ரூபாய்ச் சமாச்சாரம் என்ன இருக்கிறது? ஆனால் அந்தக் கட்டிலுக்கு எதிரே நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அவருடைய அப்பா துணிக்கடைக் குமாஸ்தா. அவரும் 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை பார்த்தவர். நானும் குமாஸ்தா. அவரைப் போல நானும் இருந்தேன் என்று சொல்ல வரவில்லை, சிரிக்காதீர்கள். இவ்வளவு சின்ன வீட்டிலிருந்து ஒருவர் அவ்வளவு தூரம் போக முடியும் என்பதை என் கண்ணால் பார்த்தேன். என் மனைவி இந்தத் தடவை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராக அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

ஆக, பணம் இரண்டாவது. முதலில் வேண்டியது நேர்மை. முப்பத்துச் சொச்சம் வருஷம் அரசாங்கத்தில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு நாற்காலி வாங்கினால்கூட இருப்புப் பதிவேட்டில் ஏற வேண்டும். எப்போது வந்தது, எங்கிருந்து வந்தது, எண் என்ன என்று எழுதியிருக்க வேண்டும். வருஷா வருஷம் சரிபார்ப்பு உண்டு. ஓட்டை நாற்காலிக்கு இருக்கும் அந்த மரியாதை, நினைவில்லத்தில் இருக்கும் பேனாவுக்கு இல்லையே! "இது அவர் எழுதிய பேனா, இன்னார் கொடுத்தது" என்று ஒரு சீட்டு. அல்லது "இது அவருடையது அல்ல, அந்தக் காலத்துப் பேனா இப்படித்தான் இருக்கும்" என்று ஒரு சீட்டு. எதுவானாலும் சரி, உண்மையைச் சொல்லுங்கள். ஒரு சீட்டு எழுத எத்தனை கோடி வேண்டும்?

இவ்வளவு பேசுகிறாயே, உன் யோக்கியதை என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும்.

பள்ளியில் ரோமானியர்கள் பிரான்சைப் பிடித்த கதையைப் பக்கம் பக்கமாக ஒப்பித்தேன். அதே ரோமானியர் காலத்து மண்பாண்டத் துண்டுகள் நம் அரிக்கமேட்டில் கிடைத்தன என்பதும், 1945-இல் வீலர் வந்து அங்கே தோண்டினார் என்பதும் முப்பத்தைந்து வயதுக்கு மேல் நம் ஊர் அருங்காட்சியகத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அதுவும் வெளியூர் விருந்தாளிக்குத் துணையாகப் போனபோது! ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளை வீட்டை எத்தனை ஆயிரம் தடவை காய்கறிப் பையோடு கடந்திருப்பேன்? 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். கப்பல் வந்தது, விலை ஏறியது, துய்ப்ளேக்ஸ் கோபப்பட்டார் என்று ஒன்று விடாமல் எழுதி வைத்த மனிதர். கீழ்த்தளம் நம் பாணியில் மரத்தூண், மேல்தளம் ஐரோப்பிய பாணியில் காரைத்தூண். இரண்டு துரைத்தனத்துக்கும் நடுவில் நின்ற ஒரு துபாஷியின் வாழ்க்கை அந்த இரண்டு வகைத் தூண்களிலேயே இருக்கிறது. அதை நிமிர்ந்து பார்க்க எனக்கு ஐம்பது வயது ஆயிற்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பூர்விக வீட்டை அண்ணன் தம்பிகள் சேர்ந்து விற்றோம். திண்ணை, முற்றம், மச்சு எல்லாம் உள்ள வீடு. இன்று அந்த இடத்தில் மாடி மேல் மாடியாக நிற்கிறது. பத்திரம் முடிந்த அன்று சாமான்களை வண்டியில் ஏற்றினோம். அம்மாவின் அம்மி கனமாக இருக்கிறது என்று விட்டுவிட்டு வந்தோம். நடுவில் குழி விழுந்திருக்கும், அம்மா அரைத்து அரைத்து விழுந்த குழி. இப்போது அது எந்த அஸ்திவாரத்துக்கு அடியில் கிடக்கிறதோ! அப்பாவின் படம் எங்கள் நான்கு வீட்டிலும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது, மாலையோடு. ஆக, நினைவில்லக்காரர்கள் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம்.

அதனால் இதை அதிகாரிகளுக்கு மட்டும் எழுதவில்லை. நமக்கும் சேர்த்துத்தான். நம் வயதுக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பேரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இப்படி ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். நம் ஊர் வீட்டுக்கு முதலில். போனால் சிலைக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பாதீர்கள். கிணறு எங்கே, மாடிப்படி எங்கே, வீட்டுப் பெண்கள் எங்கே உட்கார்ந்திருப்பார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்தக் காலத்து வீட்டில் வாழ்ந்து பார்த்தவர்கள் நாம்தான். முற்றத்தில் மழை இறங்கும் சத்தம் நமக்குத் தெரியும். நாம் போய்விட்டால் அதைச் சொல்லவும் ஆள் கிடையாது.

வாசலில் ஒரு கருத்துப் பதிவேடு இருக்கும். அதில் எல்லாரும் "மிக அருமை" என்று எழுதிவிட்டு வருகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதி வந்தேன். அந்த நினைவில்லத்தில் மட்டும் பேனாவை என் மனைவி வாங்கிக்கொண்டாள். அவள் எழுதியது இரண்டே வார்த்தை: "அடுப்பங்கரை எங்கே?"

அடுத்த தடவை நீங்களும் எழுதுங்கள். நூறு பேர் எழுதினால் யாராவது ஓர் அதிகாரி பூட்டைத் திறக்கச் சொல்லாமலா போய்விடுவார்?