பணம் கைக்கு வந்தது. வீட்டைக் கைவிட மனம் வரவில்லை!



கடந்த வாரம் ஆசிரியர் அறையில் இளம் ஆசிரியை ஒருவர் முகமெல்லாம் மலர்ச்சியோடு வந்தார். முதன்முறையாக வீடு வாங்குகிறார். “டீச்சர், இன்னும் மூன்றே வாரத்தில் சாவி கிடைத்துவிடும். பால் காய்ச்ச நாள் பார்த்தாயிற்று” என்றார். வாழ்த்துச் சொன்னேன். பிறகு, சாவியை எந்த நாளுக்குள் தரவேண்டும் என்று ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. தராவிட்டால் என்ன என்று கேட்டேன். “தராமல் எப்படி டீச்சர் இருப்பார்கள்? பணம் வாங்கிக்கொண்டார்களே!” என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டு எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. 2023ஆம் ஆண்டில் நானும் அப்படித்தான் நம்பினேன்.

கிள்ளான் வட்டாரத்தில் ஒரு தாமானில் இரட்டை மாடி வரிசை வீடு. விலை 420,000 ரிங்கிட். பத்து விழுக்காட்டு முன்பணம் நாங்கள் கட்டினோம். எஞ்சிய 378,000 ரிங்கிட் பொதுத்துறை வீட்டு நிதி வாரியத்தின் கடன். வட்டி ஆண்டுக்கு 4 விழுக்காடு. விற்பவர் நம்மவர், பணி ஓய்வு பெற்ற குடும்பம். முழுத் தொகையும் அவருடைய வழக்கறிஞரின் கைக்குப் போய்ச் சேர்ந்த ஐந்து வேலை நாள்களுக்குள் வீட்டை ஒப்படைக்கவேண்டும் என்பது ஒப்பந்தம். பணம் சூலை 11இல் சேர்ந்தது. ஆக, சூலை 18க்குள் சாவி எங்கள் கையில் இருந்திருக்கவேண்டும்.

சூலை 17 ஆடி முதல் நாள். 18ஆம் நாள் காலையில் தொலைபேசியில் அழைத்தேன். “ஆடி பிறந்துவிட்டதே அம்மா, ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா? உங்களுக்கும் அது நல்லதில்லை” என்றார் அந்த அம்மையார், எனக்கு நன்மை செய்பவரைப்போல. ஆடி மாதம் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் வருவது. மார்ச் மாதத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோதும் அது நாட்காட்டியில் இருந்தது. ஆடியில் வீடு மாறக் கூடாது, சரி. ஆனால் ஆடி ஒன்பதாம் நாள் வழக்கறிஞர் விடுவித்த மீதப் பணம் மட்டும் அவர்களுடைய வங்கிக் கணக்கில் ஏறலாமா? அதற்குத் தோஷம் இல்லை போலும்.

ஆவணி பிறந்தது. புதிய வீட்டில் இரும்புக் கதவு பொருத்தி முடியவில்லை என்றார்கள். அதுவும் முடிந்தது. லாரிக்காரர் நாள் தரவில்லை என்றார்கள். இறுதியில் செப்டம்பர் 3ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, சாவி வந்தது. நாற்பத்தேழு நாள் தாமதம்.

இந்த நாற்பத்தேழு நாளில் நாங்கள் எங்கே இருந்தோம் என்பதையும் சொல்லவேண்டும். வாடகை வீட்டுக்காரரிடம் சூலை இறுதியில் காலி செய்வதாக முன்னரே அறிவித்திருந்தோம். ஆகஸ்டு முதல் நாள் அங்கே வேறொரு குடும்பம் வர இருந்தது. நாங்கள் சொன்ன நாளில் வெளியேறினோம். எங்களுக்கும் ஆடிதான்! தம்பி வீட்டு வரவேற்பறையில் எழுபத்து நான்கு வயது அம்மா மெத்தை விரித்துப் படுத்தார். பிள்ளைகள் இருவரின் பாடநூல்கள் எந்தப் பெட்டியில் என்று தெரியாமல் ஒரு கடைவீட்டுக் கிடங்கில் பூட்டிக் கிடந்தன. நான் மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களைத் தம்பியின் சமையலறை மேசையில் இரவு பத்து மணிக்குமேல், அண்ணி பாத்திரம் கழுவி முடித்த பிறகு, திருத்தினேன். கடனுக்கான வட்டியோ ஒரு நாளைக்கு 41 ரிங்கிட் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் குடியேறாத வீட்டுக்கு, எங்கள் செலவில், வேறொருவர் குடியிருந்தார்.

இது என் ஒருத்தியின் கதையாக இருந்தால் எழுதியிருக்கமாட்டேன். சில ஆண்டுகளுக்குமுன் வேறு மாநிலத்திலிருந்து மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் எங்கள் பள்ளிக்கு மாறி வந்தான். பெற்றோர் பள்ளிக்கு அருகிலேயே வீடு வாங்கிவிட்டார்கள் என்று பதிவேட்டில் முகவரி இருந்தது. ஆனால் அந்த முகவரியில் விற்றவர்களே இன்னும் இருந்தார்கள். பையன் இரண்டு மாதம் உறவினர் வீட்டிலிருந்து நாற்பது நிமிடம் பயணம் செய்து, முதல் பாடத்தில் தூங்கி வழிந்தான். வீட்டுப்பாடம் ஏன் செய்யவில்லை என்று கேட்டபோது, “புத்தகம் லாரியில இருக்கு டீச்சர்” என்றான். அன்று அவனைக் கடிந்துகொண்டேன். அதன் பொருள் எனக்குப் பின்னர்தான் விளங்கியது.

இனி என் கோபத்தின் மையத்துக்கு வருகிறேன். அது விற்றவர்மீது மட்டும் அன்று. அந்த நாற்பத்தேழு நாளும் என்னைச் சுற்றியிருந்த நல்லவர்கள் அனைவரும் எனக்குச் சொன்ன அறிவுரை ஒன்றுதான்: “விட்டுக்கொடுங்கள்.” தரகர் சொன்னார். உறவினர்கள் சொன்னார்கள். சக ஆசிரியர்கள் சொன்னார்கள். “நம் இனத்தார்தானே, வயதானவர்கள், போகட்டும்” என்றார்கள்.

நான் நன்னெறிக் கல்வி கற்பிக்கிறவள். தொடக்கப்பள்ளி நன்னெறிப் பாடத்தில் பதினான்கு பண்புகள் உள்ளன. அவற்றில் விட்டுக்கொடுக்கும் மனப்பான்மை ஒன்று, மறுக்கவில்லை. ஆனால் அதே பட்டியலில் கடமையுணர்வும் நேர்மையும் நடுவுநிலைமையும் இருக்கின்றனவே! சொன்ன சொல்லைக் காப்பாற்றியவரிடம் சென்று விட்டுக்கொடுக்கும் மனப்பான்மையைக் கேட்கிறோம். காப்பாற்றாதவரிடம் கடமையுணர்வைக் கேட்க நமக்கு வாய் வருவதில்லை. ஏனென்றால் அவரிடம் கேட்டால் சண்டை வரும். இவரிடம் கேட்டால் வராது. இதற்குப் பெயர் சமாதானம் என்று நினைத்துக்கொள்கிறோம். வகுப்பில் ஒரு பையன் இன்னொருவனின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு எழ மறுத்தால், நின்றுகொண்டிருப்பவனைப் பார்த்து “நீ விட்டுக்கொடு” என்று எந்த ஆசிரியராவது சொல்வாரா? அதிலும் “நம் இனத்தார்” என்ற வாதம் எனக்கு வியப்பாக இருக்கிறது. வாங்கிய நானும் அதே இனம்தானே! அந்த உறவு ஏன் ஒரு பக்கத்துக்கு மட்டும் சலுகையாகவும் மறுபக்கத்துக்குச் சுமையாகவும் இருக்கவேண்டும்?

ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போனார். “தோட்டத்திலிருந்து விரட்டப்பட்ட சமுதாயம் நாம். வீட்டைக் காலி செய் என்று நீங்களே சொல்லலாமா?” என்றார். இதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். தொண்ணூறுகளில் எங்கள் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது என் தந்தையார் அறிவிப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவர் அந்த வீட்டை யாருக்கும் விற்கவில்லை. விலை பேசவில்லை. நாள் குறிக்கவில்லை. அவரைக் கேளாமலே அவர் காலடி நிலம் கைமாறியது. தாமே விளம்பரம் செய்து, தாமே விலை சொல்லி, தாமே நாள் குறித்து, 420,000 ரிங்கிட் வாங்கிக்கொண்டவர், அந்த மனிதரின் துயரத்தை இரவல் வாங்கிப் பேசலாமா? உண்மையில் அந்த நாள்களில் என் தந்தையார் இடத்தில் இருந்தது யார்? தம்பி வீட்டு வரவேற்பறையில் படுத்திருந்த அவர் மனைவிதான்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். இங்கேதான் பெரிய ஓட்டை. மேம்பாட்டாளரிடம் புதிய வீடு வாங்கினால் 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் நம் பக்கம் நிற்கிறது. ஒப்பந்தத்தின் வாசகத்தைச் சட்டமே எழுதிக் கொடுத்திருக்கிறது. தரைவீடுகளை 24 மாதத்திலும் அடுக்குமாடி வீடுகளை 36 மாதத்திலும் ஒப்படைக்கவேண்டும். தாமதமானால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காட்டை நாள்கணக்கில் இழப்பீடாகத் தரவேண்டும். தராவிட்டால் வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது. ஆனால் ஒரு தனிமனிதரிடமிருந்து பழைய வீடு வாங்கினால் இவற்றில் ஒன்றும் பொருந்தாது. வழக்கறிஞர் என்ன எழுதினாரோ அதுதான் சட்டம்.

என் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? வாங்குபவர் மூன்று மாதத்துக்குள் மீதப் பணத்தைக் கட்டவேண்டும். தவறினால் மேலும் ஒரு மாதம், ஆண்டுக்கு 8 விழுக்காட்டு வட்டியோடு, ஒவ்வொரு நாளுக்கும் கணக்கிட்டு. என் மீதத் தொகைக்கு அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 83 ரிங்கிட். நான் நாற்பத்தேழு நாள் தாமதித்திருந்தால், முதல் முப்பது நாளில் வட்டி கட்டியே நொந்திருப்பேன். அதற்குமேல் முன்பணத்தையே இழக்க நேர்ந்திருக்கும். அவர்கள் நாற்பத்தேழு நாள் தாமதித்தபோது? “ஒப்படைக்கவேண்டும்” என்ற ஒரே ஒரு சொல். ஒப்படைக்காவிட்டால் என்ன என்பதற்கு ஒரு வரியும் இல்லை. மாணவர்களின் கட்டுரையில் ஒற்று விடுபட்டால் சிவப்புமையால் சுழிக்கிறவள், ஒரு முழு வாக்கியம் விடுபட்டதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டேன். கேட்டிருந்தால் சேர்த்திருப்பார்கள். பல ஒப்பந்தங்களில் விற்பவருக்கும் அதே 8 விழுக்காடு எழுதப்படுகிறது என்பதைப் பின்னர் அறிந்தேன்.

காவல் நிலையத்துக்குப் போனேனா? போனேன். இது சிவில் விவகாரம் என்று பணிவாகச் சொல்லி அனுப்பினார்கள். பூட்டை மாற்றிவிடலாமா என்று கணவர் கேட்டார். உள்ளே ஆள் இருக்கும் வீட்டின் பூட்டை மாற்றினால் நாங்கள்தாம் குற்றவாளிகளாக நிற்போம் என்றார் வழக்கறிஞர்.

சிங்கப்பூரில் வீவக மறுவிற்பனை வீடுகளுக்கு ஒரு முறை இருக்கிறது. விற்றவர் உடனே வெளியேற இயலாது என்றால், வாங்குபவரின் ஒப்புதலோடு முன்கூட்டியே விண்ணப்பித்து, அதிகபட்சம் மூன்று மாதம் தங்கலாம். இதில் இரக்கமும் இருக்கிறது, ஒழுங்கும் இருக்கிறது. இங்கே யாரும் அப்படிக் கேட்கக் கூடாது என்று தடையா இருக்கிறது? “எங்கள் புதிய வீடு ஆகஸ்டு இறுதியில்தான் முடியும், அதுவரை தங்குகிறோம், வாடகை தருகிறோம்” என்று மார்ச் மாதத்திலேயே சொல்லியிருந்தால் நான் ஒப்புக்கொண்டிருப்பேன், என் வாடகை வீட்டையும் நீட்டித்திருப்பேன். வீட்டில் திடீரென்று நோய், இறப்பு என்றால் ஒரு சொல்கூடப் பேசாமல் காத்திருப்பேன். நான் எதிர்ப்பது தாமதத்தை அன்று. முன்னரே தெரிந்த தாமதத்தை மறைத்து வைத்து, பணம் கைக்கு வந்த பிறகு அவிழ்ப்பதைத்தான் எதிர்க்கிறேன். அது சூழ்ச்சி.

அந்த இளம் ஆசிரியையிடம் மூன்று காரியம் செய்யச் சொன்னேன். தாமத நாளுக்கு இவ்வளவு என்று விற்பவருக்கும் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். மீதப் பணத்தில் பத்தாயிரம் ரிங்கிட்டையாவது, சாவி கைமாறி வீடு காலியாக இருப்பதைப் பார்க்கும்வரை, வழக்கறிஞரே இருதரப்புக்கும் பொதுவாக நின்று பிடித்து வைத்திருக்கவேண்டும் என்று கேட்கச் சொன்னேன். சாவி கைக்கு வரும்வரை வாடகை வீட்டுக்கு அறிவிப்புக் கொடுக்காதே என்றும் சொன்னேன். ஒப்பந்தம் இன்னும் திருத்த நிலையில்தான் இருந்தது, அவளுடைய நல்ல நேரம். முதல் இரண்டையும் கேட்டால் விற்பவர் மனம் நோகுமே என்று தயங்கினாள். நொந்தால் அங்கேயே தெரிந்துகொள் என்றேன்.

காலி வீடு என்றேன் அல்லவா? செப்டம்பர் 3ஆம் நாள் நாங்கள் உள்ளே நுழைந்தபோது கால் உடைந்த ஒரு சோபாவும், பின்கட்டில் துருப்பிடித்த சலவை இயந்திரமும், இரண்டு மாதத் தண்ணீர்க் கட்டண நிலுவையும் எங்களை வரவேற்றன. பூசை மேடையை மட்டும் துடைத்து வைத்திருந்தார்கள்.

கிடங்கு வாடகை, இரண்டாவது லாரி, ஓடிய வட்டி, சலவை இயந்திரத்தை அகற்றிய கூலி எல்லாம் சேர்த்து மூவாயிரத்து முந்நூறு ரிங்கிட்டுக்குச் சற்று மேல். ஒப்பந்தத்தில் வரி இல்லாவிட்டாலும், ஒப்பந்த மீறலால் இயல்பாக விளைந்த இழப்பைக் கோரலாம் என்கிறது 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம். நான் இன்னும் செய்யவில்லை. ஒப்பந்த வழக்குக்குக் காலவரை ஆறு ஆண்டு. 2029 சூலை வரை நேரம் இருக்கிறது. ரசீதுகள் அனைத்தும் ஒரு நீலக் கோப்பில், ஆடி 2 என்று மேலே எழுதி, பத்திரமாக இருக்கின்றன.