தூர்வாரிய பிறகுதான் சோதனை

தமிழகத்தில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. ஊர் மக்களே நீர்நிலைகளைப் பராமரிக்கும் குடிமராமத்து 2017-இல் மீண்டும் அரசுத் திட்டமானது. ஒரு ஏரி சீரமைக்கப்பட்டதா என்று கேட்டால், செலவான தொகை, அள்ளிய வண்டல், பலப்படுத்திய கரை ஆகியவற்றையே கணக்காகக் காட்டுகிறோம். இவை வேலை முடிந்த நாளின் கணக்குகள். அந்த ஏரி அடுத்த பத்து மழைக்காலங்களைத் தாங்குமா என்பது, இருப்பதைக் காப்பாற்றும் அக்கறை ஊருக்கு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதையும் அளந்தாக வேண்டும்.

மனத்தில் உள்ள அக்கறையை எப்படி அளப்பது என்று கேட்கலாம். வாய்வார்த்தையை நம்ப முடியாது. ஏரி வேண்டாம் என்று எந்த ஊரும் சொல்லாது. ஆய்வாளர்கள் கானமன், நெட்ச், தேலர் மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், சோதனைக்காகக் கோப்பை கையில் கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் தர முன்வந்த விலையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. இருப்பதை இழக்க மனம் வராது என்பதற்கு இது சான்று. ஆனால் இழக்க மனமில்லாதவர் எல்லோரும் பராமரிக்க உழைப்பதில்லை. எனவே செயலைத்தான் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வரத்துக்கால் சுத்தமானதா? உடைந்த மடை அதே போகத்தில் சரிசெய்யப்பட்டதா? நீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டிக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா? ஆக்கிரமிப்பைப் பற்றி ஏரிப் பாசன நிலமுள்ள ஆயக்கட்டுதாரர்கள் புகார் கொடுத்தார்களா? ஆண்டுதோறும் இவற்றைக் குறித்துவைக்கப் பெரிய செலவு ஆகாது.

அரசு தன் பொறுப்பை ஊர்மீது தள்ளவே இப்படி அளப்பது உதவும் என்பார்கள். அக்கறை குறைந்த இடத்தில் காரணத்தைத் தேடுவதற்கே இந்த அளவீடு. உதவியை நிறுத்துவதற்கு அல்ல. உதாரணமாக, ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவருக்கு மடைநீர் அவசரத் தேவையல்ல. அவருடைய கிணற்றில் நீர் ஊறுவதும் ஏரியால்தான் என்பதைக் காட்டி, பராமரிப்பில் அவருக்கும் பங்கு வைக்கலாம். பழைய குடிமராமத்தில் சாதியும் கட்டாயமும் இருந்தன என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். உண்மைதான். வழக்கமான மராமத்து வேலைக்கு வராதவர்களிடம் பணம் வசூலிக்க 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டமே வந்தது; அதனாலும் பழைய வழக்கம் நிலைக்கவில்லை. கட்டாயத்தால் வேலை வாங்கலாம், அக்கறையை வளர்க்க முடியாது. நியாயமான கூலியும், மீன், வண்டல், மரம் ஆகியவற்றின் வருமானத்தில் நிலமற்றவர்களுக்கும் பங்கும் கிடைத்தால்தான் ஏரி எல்லோருடைய உடைமையாகும்.

ஆகவே சீரமைக்கப்பட்ட ஒவ்வொரு ஏரியின் பராமரிப்பு நிலையையும் மூன்றாம் ஆண்டும் ஐந்தாம் ஆண்டும் கிராம சபையில் வாசிக்க வேண்டும். அதுவரை எந்தத் திட்டத்தையும் வெற்றி என்று அறிவிக்கக் கூடாது.