களவுபோன காருக்குப் பதிலாகக் காட்சிப்பொருள் வேண்டாம்

பரிசில் இருக்கும் நண்பன் ஒருவனின் சித்ரோயன் 2சிவி களவு போய்விட்டது. காப்புறுதிக் காசு கைக்கு வந்ததும் ஆளாளுக்கு ஆலோசனை: "இந்தமுறை டிஎஸ் ஒண்டு எடு மச்சான். விலை ஏறும், நல்ல முதலீடு." கார் கேட்டவனுக்குப் பங்குச்சந்தை விளக்கம் சொல்லுகிற கூட்டம் இது. நான் நேரடியாகவே சொல்லுறன்: அவன் வாங்கவேண்டியது ரெனோ 4. டிஎஸ் இல்லை, இன்னொரு 2சிவியும் இல்லை.

டிஎஸ் அழகில்லை எண்டு ஆரும் சொல்லேல்லை. 1955 பரிஸ் கண்காட்சியில் அதைக் கண்டு சனம் மலைத்துப்போனது உண்மை. 1962இல் பெத்தி கிளமாரில் சுட்டபோது, ரயர் ஓட்டையாகியும் தெ கோலைத் தப்பவைத்த கார் எண்ட கதையும் உண்மை. ஆனால் தெ கோலின் காரைத் திருத்தினது அரசாங்கம். உங்கட காரை ஆர் திருத்துவது? சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டியரிங் மூன்றும் அதில் ஒரே எண்ணெய் அழுத்தத்தை நம்பி இருக்கின்றன. 1966இல் சிவப்பு எண்ணெயிலிருந்து பச்சைக்கு மாறினார்கள். ஒன்றுக்கு மற்றதை ஊத்தினால் சீல்கள் எல்லாம் போச்சு. மாசச் சம்பளத்தில் வாழுகிறவனுக்கு இது கார் இல்லை, கடன்.

அப்ப இன்னொரு 2சிவி? முட்டைக் கூடையோடு உழுத வயலைக் கடந்தாலும் ஒரு முட்டைகூட உடையக்கூடாது எண்டு விவசாயிக்காகக் கற்பனை செய்த வண்டி அது. 1948இல் காட்டினார்கள், 1990இல் போர்த்துக்கலில் கடைசி வண்டி வெளிவந்தது. இண்டைக்கு அது சுற்றுலாப் பயணிகளை ஏத்திப் பரிசைச் சுத்திக் காட்டுது. ஏழையின் கார் சேகரிப்பாளனின் கனவாகிவிட்டது; கனவுக்கு விலை வந்தால் கள்ளனும் வருவான். அதே நிறத்தில் இன்னொன்றை வாங்கினால் போனது திரும்பி வந்ததாக ஆகாது.

பழைய கார் எண்டால் என்ன? என்னைக் கேட்டால், சொந்தக்காரனுக்கு விளங்குகிற கார். பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினவை எங்கட ஆக்கள். துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, பிறகு மண்ணெண்ணெய். அந்த இயந்திரம் ஒழுங்கை மூலையில் இருந்த மெக்கானிக்குக்கும் விளங்கினபடியால்தான் அது முடிந்தது.

ரெனோ 4 அந்தச் சாதி வண்டி. 1961இல் வந்து, எட்டு மில்லியனுக்கு மேல் விற்றது. தபால்காரர், பொலிஸ், தோட்டக்காரர் எல்லாரும் ஓட்டினது. நாலு சிலிண்டர், தண்ணீரில் குளிரும் எஞ்சின், பின்னுக்கு அகலத் திறக்கிற கதவு. பின்சக்கரங்களின் முறுக்குத் தண்டுகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக இருப்பதால் இடப்பக்கச் சக்கர இடைவெளியும் வலப்பக்கமும் 48 மில்லிமீற்றர் வித்தியாசம். அழகுக்காக அதை மறைக்க ஒருத்தரும் மினக்கெடேல்லை. குறை இருக்கு: அடித்தளம் கறள் பிடிக்கும். பெயின்ற் மினுமினுப்பைப் பார்க்காமல், காரைத் தூக்கி அடியைப் பாருங்கோ. இப்ப அந்தப் பெயரையே மின்சாரக் காரில் ஒட்டி ரெனோ விற்குது. எங்களுக்குப் பெயர் தேவையில்லை, வண்டிதான் தேவை.

இன்னொரு விசயம், இதுதான் முக்கியம். சந்தை விலைக்கு அரைவாசியில், "பத்திரம் பிறகு தாறன்" எண்டு ஒருத்தன் வந்தால் திரும்பிப் பாராமல் போங்கோ. 2சிவிக்கு உதிரிப்பாகம் மட்டுமில்லை, புதுச் சட்டகமே வாங்கலாம். அதனால் களவெடுத்த வண்டியைக் கழற்றி இன்னொன்றின் அடையாளத்தில் ஓடவிடுவது கஷ்டமில்லை. சட்டக இலக்கமும் பதிவுப் பத்திரமும் பொருந்துதா பாருங்கோ. பிரான்சில் அரசின் ஹிஸ்டோவெக் சேவையில் வாகன வரலாற்றை விற்பவர் இலவசமாக எடுத்துத் தரலாம். தரமாட்டன் எண்டால் ஏன் எண்டு கேளுங்கோ. பத்திரமில்லாத மலிவுக் காரை வாங்குகிறவன்தான் நண்பனின் காரைத் தூக்கின கள்ளனுக்குச் சம்பளம் குடுக்கிறவன்.

வாங்கின பிறகு எஞ்சின் மின்சாரத்தை வெட்டுகிற மறைவுச் சுவிட்ச் ஒண்டு, ஸ்டியரிங் பூட்டு ஒண்டு போடுங்கோ. காப்புறுதியில் பெறுமதியை முதலே நிபுணரைக் கொண்டு எழுதி ஒப்புக்கொள்ள வையுங்கோ. பிறகு துணிபோட்டு மூடி வைக்காமல் மரக்கறி வாங்கவும் வேலைக்குப் போகவும் ஓட்டுங்கோ. விலை ஏறுதா எண்டு பார்த்துக்கொண்டிருக்கிறவை டிஎஸ் வாங்கட்டும்.