ஊசி போகும் வழி

கொரோனாத் தடுப்பூசி வந்த 2021-ஆம் ஆண்டைப் பலர் மறந்துவிட்டனர். தோட்டத்துப் பெரியவர்கள் மறக்கவில்லை. நாமும் மறக்கலாகாது, நாளை வேறொரு நோய் வந்தால் அதே முறை திரும்பவும் வரக்கூடும்.

அரசாங்கத்தார் வகுத்த விதியில் நாம் குற்றம் காணவில்லை. பிப்ரவரி 24-ஆம் தேதி தொடங்கிய திட்டத்தில், முன்களப் பணியாளர்களுக்கு அடுத்தபடி 60 வயதானவர்களுக்கு இடம் ஒதுக்கினார்கள். அண்டை நாடான இந்தோனேசியாவில் 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கே முதலில் போட்டார்கள். முதியோரிடம் அம்மருந்து போதிய அளவு சோதிக்கப்படவில்லை என்று காரணம் சொன்னார்கள். நம் நாட்டு விதி அதனினும் மேலானது.

ஆனால் விதியை நடத்திய வழி கோணலானது. கிளினிக்கிலும் தொலைபேசியிலும் பதியலாம் என்றார்கள். இருந்தும் பெரும்பாலும் எல்லாம் மைசெஜாத்தெரா என்னும் கைப்பேசிச் செயலி வழியாகவே நடந்தன. மே 2-ஆம் தேதி சிலாங்கூர், கோலாலம்பூர் மக்களுக்கு அஸ்ட்ராஜெனேகா ஊசியை, 18 வயதுக்கு மேற்பட்ட எவரும் முந்திக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்துவிட்டார்கள். 268,600 ஊசிகளும் நான்கு மணி நேரத்துக்குள் தீர்ந்தன. விரல் வேகமுள்ளவர் பெற்றார். அடுத்த சுற்றில் முதியோருக்கு முன்வாய்ப்புத் தந்ததை வரவேற்கிறோம்.

பட்டணத்திலேயே இப்படியென்றால், சாஆ வட்டாரத் தோட்டங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? நாற்பது ஆண்டு பால் வெட்டி ஓய்ந்த பாட்டிக்குக் கைப்பேசி ஏது? இருந்தாலும், வரும் செய்தியைப் படித்துச் சொல்ல வேண்டிய பேரன் ஜொகூர் பாருவில் அல்லவா வேலை செய்கிறான்! இதுவும் வயதைப் பார்த்துச் செய்த வேற்றுமையே. விதியில் இல்லாமல் வழியில் புகுந்துகொண்டது, அவ்வளவுதான்.

அதே ஆண்டு ஜூன் மாதத்தில் பிக்காஸ் என்ற திட்டத்தின் மூலம் ஆலைத் தொழிலாளருக்குத் தனி ஏற்பாடு செய்தார்கள். உற்பத்தி நிற்கக்கூடாதல்லவா! தொழிலாளிக்கு ஊசி கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் உழைக்கும் கையைத் தேடி ஊசி போக முடிந்தபோது, உழைத்து ஓய்ந்த கையை மட்டும் செயலியைத் தேடி வரச் சொன்னது ஏன்?

அடையாளக் கார்டின் முதல் ஆறு எண்கள் பிறந்த ஆண்டு, மாதம், தேதி. சிவப்புக் கார்டிலும் அப்படியே. யாருக்கு என்ன வயது என்பது அரசாங்கம் அறியாததல்ல. அந்த எண்ணை வைத்துப் பட்டியல் எடுத்து, வயது மிகுந்தவரிலிருந்து தொடங்கி, நாள் குறித்துத் தோட்டத்துக் கோயில் வாசலுக்கே மருத்துவ வண்டியை அனுப்ப வேண்டும் என்று கோருகிறோம். தோட்டத்தை விட்டு வெளியேறிய பழைய தொழிலாளர்களின் பெயர்கள் செக்ரோல் புத்தகங்களில் இருக்கின்றன. புரட்டி எடுத்துக்கொடுக்கக் கிராணிமாராகிய நாங்கள் இருக்கிறோம். சுகாதார இலாகா கேட்கட்டும், தருகிறோம்.