கரிசக்காட்டு ஆசாமியும் மணப்பாட்டு மணலும்

கோவில்பட்டிக்காரனுக்குக் கடல் என்றால் கருவாடு. அதற்கு மேல் அவனுக்கும் கடலுக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. மழை பெய்தால் செருப்பில் ஒட்டிக்கொண்டு ஆபீஸ் வரை கூடவே வருகிற கரிசல் மண்ணில் வளர்ந்தவர்கள் நாம். காலை வைத்ததும் நழுவி ஓடுகிற கடற்கரை மணலைப் பார்த்தால், 'என்னடா இது, ஒட்டாத மண்ணா இருக்கே' என்றுதான் தோன்றும்.

ஆனாலும் போனேன். ஆபீஸ் நண்பர் ஒருத்தர், "அண்ணாச்சி, கொடைக்கானல் போனா பர்ஸ் காலி. மணப்பாடு போங்க. ஐந்நூறு வருஷச் சரித்திரம், டிக்கெட்டே கிடையாது" என்றார். டிக்கெட் கிடையாது என்றால் நம்மில் யார்தான் அசையமாட்டோம்? தூத்துக்குடிக்கு ஒரு பஸ், திருச்செந்தூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து தெற்கே சுமார் 18 கிலோமீட்டர். இறங்கினால், காற்று நம்மைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகிறது.

மணப்பாடு பரதவர் ஊர். கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு மேடு. அதன் உச்சியில் 1581-ல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். கடல் பக்கச் சரிவில் ஒரு குகை. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கின இடம் என்று காட்டுகிறார்கள். வந்தபோது மனுஷனுக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. ஜெபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் பண்ணி, கையில் மணியை ஆட்டிக்கொண்டே தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டியிருக்கிறார். நாமெல்லாம் 'முப்பது நாளில் இந்தி' வாங்கி மூன்றாம் நாளே மூடி வைத்த கோஷ்டி!

1544-ல் இதே மணப்பாட்டிலிருந்து அவர் எழுதின கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. அந்த வருஷம் ஜூனில் வடுகர் படைக்குப் பயந்து கன்னியாகுமரி மீனவர்கள் பாறைகளில் ஏறி ஒளிந்துகொண்டார்கள். சோறு தண்ணீர் இல்லாமல் செத்துக்கொண்டிருந்தவர்களுக்காக, 20 தோணிகளில் சாப்பாடு ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார் சவேரியார். எதிர்க்காற்று விடவில்லை. மணப்பாட்டுக்கே திரும்பிவந்து, அப்புறம் தரைவழியாக நடந்தே போய்ச் சேர்ந்தார். இந்தக் கரையில் காற்று வைத்ததுதான் சட்டம். யாருக்கும் சிபாரிசு செல்லாது.

ஊருக்குள் தெருக்கள் ஒரு தினுசான அழகு. இலங்கை வியாபாரத்தில் சம்பாதித்துக் கட்டின பழைய பெரிய வீடுகள். பலதில் பூட்டு தொங்குகிறது. 2013-ல் வந்த 'கடல்' படத்துக்கு இங்கே படப்பிடிப்பு நடந்ததில் ஆச்சரியமே இல்லை. செட் போடுகிற செலவு மிச்சம்!

கரையில் ஒரு பெரியவர் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். "ஊரைப் பழசு மாறாம பத்திரமா வச்சிருக்கீங்க ஐயா" என்று ஒரு சர்டிபிகேட் கொடுத்தேன்.

அவர் நிமிரவே இல்லை. "ஊரு கெடக்கட்டும் தம்பி. அந்தா கெடக்குல்ல மணலு, அதப் பாருங்க."

பார்த்தேன். கழிமுகத்துப் பக்கம் தண்ணீருக்குள் நாக்கை நீட்டிக்கிடக்கிற மணல்திட்டு. வருகிறவர்கள் எல்லாம் அதன் பக்கம் திரும்பி நின்று போட்டோ எடுத்துத் தள்ளுகிறார்கள்.

"அது வளர வளர படகு கரைக்கு வர்றதுக்கு வழி சுருங்குது. அலை ஒரு தூக்குத் தூக்குனா, படகு போச்சு, ஆளும் போச்சு."

பேச்சை மாற்றுவதற்காகப் பக்கத்துக் குலசேகரன்பட்டினத்து ராக்கெட் தளத்தைப் பற்றிக் கேட்டேன். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப்பாதைக்குக் கிளம்பும் ராக்கெட் இலங்கையைச் சுற்றி வளைந்து போகணும். இங்கே தெற்கே நேராகத் திறந்த கடல், எரிபொருள் மிச்சம் என்று எனக்குத் தெரிந்த விஞ்ஞானத்தை எடுத்துவிட்டேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ராக்கெட்டு மேல போகட்டும், நல்லதுதான். அன்னைக்கு எங்களைக் கடலுக்குப் போக விடுவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க."

இதற்கு என்னிடம் விஞ்ஞானம் இல்லை.

ஊர் பத்திரமாக இருக்கிறது என்று நாம் சொல்வது கோபுரத்தையும் சுவரையும் பார்த்து. அவர் பத்திரம் என்று சொல்வது, காலையில் போன படகு திரும்பி வருவதை. ஐப்பசியில் வானத்தைப் பார்த்துக்கொண்டு வரப்பில் நிற்கிற நம்ம ஊர்ச் சம்சாரியிடம் போய், 'உங்க ஊரு ரொம்ப அழகா இருக்கு' என்று சொல்லிப் பாருங்கள். என்ன பதில் வரும்? அதேதான். படகு திரும்பி வருகிறவரைதான் மணப்பாடு மீனவர் ஊர். அப்புறம் அது வெறும் பழைய சுவர்.

போகணும் என்றால் செப்டம்பர் 14-ஐ ஒட்டிப் போங்கள். திருச்சிலுவைத் திருவிழா. ஊர் நிறைய ஜனம். மற்ற நாளில் போனாலும் மோசமில்லை. பெண்கள் பனை ஓலையில் பெட்டி, கூடை முடைகிறார்கள், கைவேலை அவ்வளவு நறுவிசு. ஒன்று வாங்குங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள். டிக்கெட் கிடையாதில்லையா, அந்தக் காசை இங்கே கொடுத்துவிட்டு வாருங்கள்.