மூன்று நாளைக்குத் தண்ணீர் இருக்கிறதா?

2023 டிசம்பர் முதல் வாரத்தில் வந்த மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால், கடந்துபோன வழியிலேயே சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் முடக்கிவிட்டது. பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. பால் பாக்கெட்டுக்கு அலைந்தார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோதும் இதே பாடுதான்.

இதே திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டியில் கரண்ட் போனால் தண்ணீரும் போகும். மோட்டார் ஓடாது, மேல்நிலைத் தொட்டி நிரம்பாது. கேன் தண்ணீர் நிரப்பும் இடத்துக்கும் மின்சாரம் வேண்டும். வண்டி வருவதற்கு ரோடும் வேண்டும். அதனால் அவசரகாலக் கையிருப்பில் முதலிடம் தண்ணீருக்குத்தான், அரிசி பருப்புக்கு அல்ல.

கணக்கு எளிது. குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 4 லிட்டர். நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 48 லிட்டர். 20 லிட்டர் கேன் இரண்டு எப்போதும் நிரம்பியிருக்க, எச்சரிக்கை வந்ததும் ஒரு குடம் குடிநீரும் பிடித்து வைத்தால் ஏறக்குறைய சரியாகிவிடும். கேனை வெயில் படாமல் வைத்து, பழையதை முதலில் செலவழித்துப் புதியதை வாங்கி வையுங்கள். கழுவவும் கழிவறைக்கும் வாளி, டிரம்மில் வேறு தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம்.

“தண்ணீர் தீர்ந்தால் காய்ச்சிக் குடித்துக்கொள்ளலாமே” என்று பலர் நினைக்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். எண்ணெயும் ரசாயனமும் போகாது. மிக்ஜாம் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து கசிந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகம் வரை பரவியதைப் பார்த்தோம். சிப்காட் போன்ற தொழிற்பேட்டையை ஒட்டி வாழ்பவர்கள், வெள்ளம் புகுந்த கிணற்று நீரையோ போர்வெல் தண்ணீரையோ, பரிசோதிக்கும்வரை குடிக்காமல் இருப்பதே நல்லது.

உணவில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அடுப்பையும் அதிகத் தண்ணீரையும் கேட்காததாக இருக்க வேண்டும். அவல், பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், கடலைமிட்டாய், பேரீச்சை, ரஸ்க், பால் பவுடர் எல்லாம் நம் மளிகைக் கடையிலேயே கிடைப்பவை. அவல் கொஞ்சம் தண்ணீரில் ஊறிவிடும்; சோறு வடிக்கவும் பாத்திரம் கழுவவும் ஆகும் தண்ணீர் மிச்சம். இண்டக்‌ஷன் அடுப்பை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது இன்னும் அவசியம். கைக்குழந்தைக்கான உணவு, வழக்கமான மாத்திரைகள், ஓஆர்எஸ் பாக்கெட் ஆகியவற்றையும் மறக்க வேண்டாம்.

ஒற்றை அறையில் தங்கி மெஸ்ஸில் சாப்பிடும் தொழிலாளர்களே அதிகம் தவித்துப்போவார்கள். மெஸ் மூடினால் அறையில் எதுவும் இருக்காது. ஆளுக்கு ஒரு பை உலர் உணவும் அறைக்குக் கூடுதலாக ஒரு கேனும் அவர்களுக்குப் பெரிய தைரியம். தொழிலாளர்களைத் தங்கவைக்கும் நிறுவனங்களும் ஒப்பந்ததாரர்களும் இதைத் தங்கள் பொறுப்பாக எடுத்துச் செய்யலாம்.

இப்படி முன்கூட்டியே சேர்த்து வைப்பதைப் பதுக்கல் என்று தயங்க வேண்டாம். புயல் செய்தி வந்தபின் பத்து பாக்கெட் பால் வாங்குவதுதான் அடுத்தவர் பங்கைப் பறிக்கும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பர் மளிகைப் பட்டியலிலேயே இவற்றைச் சேர்த்துவிடுங்கள். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-ஐயும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.